கேட்பதற்கு மிச்சம் வைத்த பலம்

பாடமில்லாத பாட்டு – 9

பள்ளிக்கூடம் என்பது காலை நேரத்துக்காகவே உண்டான ஸ்தாபனம். முடக்குவாதமோ காலை நேரத்தையே தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வியாதி. இவ்விரண்டுக்கும் ஏக காலத்தில் கட்டுப்பட்டுக் கிடக்கும் ஒருத்தி, சிறப்புக் குழந்தைகள் படிக்கும் பள்ளியொன்றில் இசைச் சிகிச்சை நேரங்களை எவ்விதம் திட்டமிடுகிறாள் என்பதைப் பற்றி எழுதலாகாதா என்று வாசகர் சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தொடரில் இதுவரை குழந்தைகளைப் பற்றியே எழுதி வந்த நான், என் கைகளைப் பற்றி எழுதுவதில் இருந்த கூச்சத்தினால் அந்த விஷயத்தை வாரத்துக்கு வாரம் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். ஆயினும், திட்டப் புத்தகத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் மறுநாள் ஒரு சரீரம் நிறைவேற்றியாக வேண்டும், அந்தச் சரீரம் எந்த நிலையில் எழுந்திருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளாத திட்டம் வெறும் ஆசைப்பட்டியலாகவே முடியும் என்று அனுபவத்தில் கண்டுகொண்ட பிறகு, கூச்சப்படுவதற்கு அதிக நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முடக்குவாதத்தை மூட்டுத் தேய்மானத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது நம்மவர் வழக்கம். அந்நியக் கிருமிகளை எதிர்க்க வேண்டிய தேகத்தின் தற்காப்புச் சக்தியே வழிதவறி, மூட்டுகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குவதுதான் முடக்குவாதம். ஆகவே அது முதுமைக்குக் காத்திராமல் நடு வயதிலும், சில சமயம் இளமையிலுமே வந்துவிடுகிறது. கைவிரல்களின் அடிக்கணுக்களும் நடுக்கணுக்களும் மணிக்கட்டுகளும் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒருசேர வீங்குகின்றன. விரல் நுனிக் கணுக்களை அது பொதுவாக விட்டுவைக்கிறது. அதை ஒரு கருணையென்று பிறர் சொல்லலாம், வீணை வாசிப்பவள் சொல்ல முடியாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை எழுப்பும் பலம் நுனியிலிருந்து வருவதில்லை, மணிக்கட்டிலிருந்தும் அடிக்கணுவிலிருந்துமே வருகிறது. படுக்கையைவிட்டு எழுந்த பின் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும் இறுக்கம் இந்த நோயின் பிரதான அடையாளங்களில் ஒன்று. என்னைப் பொறுத்தவரை அந்த இறுக்கம் தளர்ந்து, சீப்பைப் பிடிக்கவும் ரவிக்கைக் கொக்கியை மாட்டவும் விரல்கள் சம்மதிக்கிறபோது, பள்ளியில் பிரார்த்தனை மணி அடித்து முடிந்திருக்கும்.

மருந்துக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒரே தடவைதான் விழுங்க வேண்டும்; மறதியினால் தினந்தோறும் விழுங்கியவர்கள் பிராண ஆபத்துக்கு உள்ளாகியிருக்கிறார்கள் என்பதால், மருத்துவர்கள் கிழமையையே குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் உபத்திரவத்தைத் தணிக்கப் போலிக் அமில மாத்திரையும், ஈரலும் ரத்த அணுக்களும் என்ன நிலையில் இருக்கின்றன என்று அறியக் குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனையும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. மாத்திரைக்கு மறுநாள் குமட்டலும் சோர்வும் என்னைவிட்டு அகல்வதில்லையாதலால், சனிக்கிழமை இரவை மருந்துக்கும் ஞாயிற்றுக்கிழமையை அதன் விளைவுக்கும் தத்தம் செய்துவிட்டேன். திங்கட்கிழமை பாதி மனுஷியாகப் பள்ளிக்குப் போகிறேன். ஆகவே அன்று தனிக் குழந்தைகளோடு அமரும் நேரத்தை வைத்துக்கொள்ளாமல், ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்பதும் அசைவதுமான கூட்டு நேரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதிகக் கவனம் வேண்டுகிற குழந்தைகள் செவ்வாய் முதல் வியாழன் வரை, முற்பகல் பத்தரைக்கு மேல் வருகிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குத் தலைமை ஆசிரியையின் சம்மதத்தைப் பெறுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை, ஆனால் சுலபமாகவும் இல்லை.

"அம்மா, ஒம்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் எனக்குப் பிள்ளைங்களை அனுப்பாதீங்க. அந்த நேரத்திலே எழுத்து வேலையைப் பாத்துக்கறேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் என் கைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏங்க டீச்சர், தாளம் தட்ட வராத கை எழுத மட்டும் வருமா?" என்றார்.

அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை, கணக்கு இருந்தது. பதில் சொல்லச் சிறிது நேரம் பிடித்தது. "அப்படீன்னா கேக்கற வேலையைச் செய்யறேன்மா. முந்தின நாள் பிள்ளைங்க பாடினது, தட்டினது எல்லாத்தையும் ஒலிப்பதிவு பண்ணி வச்சிருக்கேன். அதைக் கேக்கறதுக்குக் கை வேண்டாம்" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேளாமல் அட்டவணையில் கையெழுத்திட்டுவிட்டார். வாயில் வந்த அந்தப் பதில்தான் பிற்பாடு என் வேலையின் நடுத்தூணாக ஆயிற்று.

எங்கள் வேலை இன்னதென்று முன்னரே எழுதியிருக்கிறேன். புதிய வாசகர்களுக்காகச் சுருக்கமாக ஒரு வார்த்தை. ஒரு குழந்தைக்கு மோகன ராகத்தின் ஆரோகண அவரோகணம் தெரிய வேண்டும் என்பது பாட்டு வாத்தியாருடைய லட்சியம். அந்தக் குழந்தை தன் முறை வருகிற வரையில் காத்திருக்க வேண்டும், பிடித்த குச்சியைப் பத்து அடிக்காவது நழுவவிடாமல் இருக்க வேண்டும், தாயாரின் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு அறைக்குள் வர வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஏதாவது ஒரு சத்தத்தால் பதில் கொடுக்க வேண்டும் என்பன எங்கள் லட்சியங்கள். சங்கீதம் அதற்குக் கருவி. இன்ன வியாதிக்கு இன்ன ராகம் என்று அச்சிட்ட பட்டியல்களை நம்பிக்கொண்டு, சர்க்கரைக்கு எந்த ராகம், ரத்தக்கொதிப்புக்கு எந்த ராகம் என்று கடிதம் எழுதுகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. என் மூட்டுகளுக்கே எந்த ராகமும் இதுவரை உதவியதில்லை.

அரை மணி நேரத்துக்கு மேற்படாத ஒரு தனி நேரத்தின் உருவம் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரிதான். குழந்தையின் பெயரைச் சொல்லி வரவேற்கும் பாட்டு, பிறகு கருவியில் ஏதாவது ஒரு செயல், பிறகு குரலிலோ அசைவிலோ ஒன்று, பிறகு அடங்குதல், முடிவில் விடைகொடுக்கும் பாட்டு. முதலும் கடைசியும் நாள்தோறும் மாறாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் என்ன நடக்கப் போகிறது என்று அறியாத கலவரமே ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பாதித் துன்பம். நடுப்பகுதியில், குழந்தை எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையிலேயே சங்கீதமும் தொடங்க வேண்டும் என்ற நியாயத்தை 1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் பணிபுரிந்த மனநோய் மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் வகுத்துச் சொன்னார். ஓடிக்கொண்டே வருகிற பையனுக்கு நீலாம்பரியில் தாலாட்டுப் பாடிப் பிரயோஜனமில்லை. அவன் ஓட்டத்தின் வேகத்திலேயே திஸ்ர நடையில் தொடங்கி, அவன் அறியாமலே காலத்தைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டு வந்தால், இறுதியில் நீலாம்பரிக்கு அவனே வந்து சேர்வான்.

இந்த உபாயம் எவ்வளவு நேர்த்தியானதோ அவ்வளவுக்கு அதை நடத்துகிறவளுடைய தேகத்தை அது வாங்கிவிடும். ஓடுகிறவனுக்கு ஈடு கொடுத்துக் கஞ்சிரா தட்டுகிற கை வேண்டும். அந்தக் கை எனக்கு ஒரு வாரம் இருக்கும், மறு வாரம் இராது. ஆரோக்கியமாயிருந்த காலத்தில் நான் எழுதிய திட்டங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் நான்தான் நடுவில் நிற்கிறேன்: நான் வாசிக்க, குழந்தை கேட்கிறது, நான் தட்ட, குழந்தை திருப்பித் தட்டுகிறது. நோய் வந்த பிறகு முதலில் செய்த மாற்றம், என் உடம்பின் நல்ல நாளுக்குத் திட்டம் எழுதி, கெட்ட நாளில் அதிலிருந்து குறைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு, கெட்ட நாளுக்கே திட்டத்தை எழுதி, நல்ல நாளில் அதன்மேல் கூட்டிக்கொள்வது என்பது. குறைத்துக்கொண்ட திட்டம் குழந்தைக்கு ஏமாற்றமாகவே போய்ச் சேரும். நேற்று இருந்த கஞ்சிரா இன்று ஏன் இல்லையென்று அதற்கு விளக்க முடியாது. கூட்டிக்கொண்டதை மறுநாள் காணாவிட்டாலோ அது அவ்வளவாகத் தேடுவதில்லை.

கருவிகளும் அதற்கேற்ப மாறின. வீணை வீட்டோடு நின்றுவிட்டது. துருத்தியை இழுத்து மூடும் பழைய சுருதிப்பெட்டியின் இடத்துக்கு மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது. உலோகத் தகடுகளை வரிசையாக அடுக்கிய கருவியொன்று எங்கள் அறையில் இருக்கிறது. ஜெர்மானிய சங்கீத கர்த்தாவான கார்ல் ஓர்ப் பிள்ளைகளுக்காகப் பிரபலமாக்கிய வகையைச் சேர்ந்தது அது. அதன் பெருமையெல்லாம், வேண்டாத தகடுகளைக் கழற்றி வைத்துவிடலாம் என்பதில் அடங்கியிருக்கிறது. மத்தியமத்தையும் நிஷாதத்தையும் கழற்றிவிட்டால் எஞ்சுவது மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். அவற்றில் எதை எதனோடு சேர்த்துத் தட்டினாலும் காதைக் குத்தும் அபஸ்வரம் பிறப்பதில்லை. அரை ஸ்வர இடைவெளிகள் அவற்றினிடையே இல்லாததே காரணம். சரளி வரிசைக்கு வைத்திருக்கும் மாயாமாளவகௌளையில் இந்தச் சௌகரியம் கிடையாது. குழந்தை தன் மனம் போனபடி தட்டிக்கொண்டிருக்க, நான் சுருதியின்மேல் குரலை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பின்தொடர்கிறேன். முன்பு குழந்தை என்னைப் பின்தொடர்ந்தது.

ஆகவே நோயே எனக்குக் குருவாக வந்தது என்று யாராவது முடிவுகட்டிவிடக் கூடாதென்று பயந்து அடுத்த சங்கதியைச் சொல்கிறேன்.

வலி விரலைத்தான் பிடித்துக்கொள்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படியே நினைத்தேன். உண்மையில் அது முதலில் அபகரிப்பது காதை. மணிக்கட்டில் தணல் மாதிரி ஒன்று கனன்றுகொண்டிருக்கும்போது, எதிரில் இருக்கும் குழந்தை மூச்சை இழுத்த விதத்தில் ஒரு வித்தியாசம் உண்டானதா, குச்சி தகட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கியதா, அந்தத் தயக்கம் பயமா அல்லது தேர்வா என்பதையெல்லாம் கேட்டறிகிற நுண்ணிய கவனம் மனிதருக்கு எஞ்சி நிற்பதில்லை. விரல் போனால் அதற்குப் பதில் தகடு இருக்கிறது, சுருதிப்பெட்டி இருக்கிறது, சலங்கையைக் குழந்தையின் காலிலேயே கட்டிவிடலாம். கேட்பதற்குப் பிரதிநிதி கிடையாது. இந்தச் சிகிச்சையில் பாடுவது பாதிகூட இல்லை. குழந்தை கொடுத்ததைக் கேட்டு அதற்குப் பதிலாகப் பாடுவதே காரியம். ஆதலால் திட்டமிடுவது என்றால் எனக்கு இப்போது முக்கியமாக ஒரே பொருள்தான்: ஒரு நாளில் என்னிடம் இருக்கும் சொற்பக் கவனத்தை எந்தக் குழந்தைக்கு, எந்த நிமிஷத்துக்கு ஒதுக்கி வைப்பது என்பது. நாற்காலியைத் தூக்கி வைப்பது, கருவிகளை எடுத்து அடுக்குவது, கதவைத் திறந்து மூடுவது ஆகிய வேலைகளைப் பள்ளியின் ஆயாம்மாவிடம் ஒப்படைத்ததும் கையைக் காப்பதற்காக அல்ல. அந்த வேலைகளில் கிளம்புகிற வலி, அடுத்த அரை மணியில் காதைக் கெடுத்துவிடுகிறது.

ஒலிப்பதிவு விஷயத்துக்கு இங்கேதான் வர வேண்டும். அதில் எனக்கு முன்னோடிகள் இருவர்: பால் நோர்டாப், கிளைவ் ராபின்ஸ். நோர்டாப் 1909-இல் பிறந்த அமெரிக்கர். பியானோ வித்துவான், சங்கீத கர்த்தா, மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கு இசையமைத்தவர், நியூயார்க் மாகாணத்தில் பார்டு கல்லூரியில் பேராசிரியராயிருந்தவர். ஐம்பது வயதை நெருங்கும் சமயத்தில் ஐரோப்பாவுக்குப் போன அவர், இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயரைச் சேர்ந்த கிளென்ட் என்ற இடத்தில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக ஏற்பட்டிருந்த சன்பீல்டு இல்லத்தில் இசையின் பிரபாவத்தைக் கண்டு, உத்தியோகத்தையே துறந்துவிட்டார். அந்த இல்லத்தில் ஆசிரியராயிருந்தவர் ராபின்ஸ். நோர்டாபைவிடப் பதினெட்டு வயது இளையவர். 1959-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டு வேலை 1970களின் நடுப்பகுதி வரையில் நீடித்தது; நோர்டாப் 1977-இல் காலமானார். 1960களில் பிலடெல்பியா நகரத்துப் பொதுப் பள்ளிகளின் சிறப்பு வகுப்புகளில் அவர்கள் செய்த வேலையே, பள்ளிக்கூடத்துக்குள் இசைச் சிகிச்சையை எப்படிக் கொண்டுசெல்வது என்பதற்கு நெடுங்காலம் மாதிரியாக இருந்தது.

நோர்டாப் பியானோவின் முன் அமர்ந்து, குழந்தையின் அழுகையையும் தட்டலையும் அந்தந்தக் கணத்திலேயே சங்கீதமாக்கிப் பதில் சொல்வார். ராபின்ஸ் குழந்தையின் பக்கத்திலிருந்து, முரசைப் பிடித்துக்கொடுத்தும், தோளில் கை வைத்தும், தேவையானபோது விலகியும் உதவி செய்வார். ராபின்ஸ் இளமையில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தபோது குண்டடிபட்டு, இடக்கை ஓரளவு செயலிழந்து போனவர். பியானோ வாசிக்க வேண்டுமென்ற ஆசை அத்தோடு அவருக்குக் கைகூடாமற் போயிற்று. அந்தக் காயமே அவரைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்தது என்று சரித்திரத்தை அழகாக முடிச்சுப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குண்டடிபட்டவர் எத்தனையோ பேர், அவர்களெல்லாம் கிளென்டுக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு அவரிடத்தில் பிடித்தது வேறு. வாசிக்கிறவர், பக்கத்தில் நிற்கிறவர் என்று வேலையை இரண்டாகப் பகிர்ந்துகொண்ட ஒரு முறையில், வாசிக்க இயலாதவருக்கும் இரண்டாம் தரமாகாத ஓர் ஸ்தானம் இருந்தது. அந்த ஸ்தானத்தில் அவர் 2011-இல் இறக்கும் வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், முதலில் நோர்டாபோடும் பிற்பாடு தம் மனைவி கேரலோடும் ஊன்றி நின்றார். கிரிம் சகோதரர்களின் கதையொன்றைத் தழுவி அவர்கள் இயற்றிய பிப்-பாப்-போல்ட்ரி என்ற விளையாட்டில், துடைப்பத்தை எடுத்து இலைகளைப் பெருக்குகிற வேலை குழந்தைகளுடையது. பெரியவர்கள் சங்கீதத்தைத் தாங்கிப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

அவர்கள் ஒவ்வொரு நேரத்தையும் ஒலிநாடாவில் பதிவு செய்து, பின்பு சேர்ந்து உட்கார்ந்து கேட்டு, இன்ன நிமிஷத்தில் குழந்தை இன்னது செய்தது, சங்கீதம் அதற்கு என்ன பதில் சொன்னது என்று வரிவரியாகக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த நேரத்தின் திட்டம் அந்தக் குறிப்பிலிருந்து பிறந்தது. 1977-இல் வெளிவந்த அவர்களுடைய பெரிய நூலின் அடிப்படையே அந்த நாடாக்கள்தான். நாடாவுக்குப் பதில் இன்று கைப்பேசி போதும். பெற்றோரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொண்டு, அறை மூலையில் வைத்துவிடுகிறேன். மறுநாள் காலை, இறுக்கம் தளராத அந்த ஒன்றரை மணி நேரத்தில், வெந்நீரில் நனைத்த துணியைக் கைகளில் சுற்றிக்கொண்டு அதைக் கேட்கிறேன். காலை நேரம் எனக்கு இவ்வளவு உபயோகமாயிருந்த காலம் முன்பு உண்டா என்பது சந்தேகம்.

பேச்சு வராத எட்டு வயதுப் பையன் ஒருவன்; மணி என்று வைத்துக்கொள்வோம், அது அவன் பெயரல்ல. அறைக்குள் அவன் தகட்டைத் தட்டுவான், சுற்றி வருவான், ஆனால் குரல் கொடுக்கமாட்டான். பேச்சு வராத குழந்தைகளுக்கென்று வழக்கத்திலுள்ள உபாயம் ஒன்று உண்டு: நன்றாகப் பழகிய பாட்டின் அடியைப் பாடிக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லை மட்டும் பாடாமல் நிறுத்திவிடுவது. குறையாய் நிற்கும் ஓசை காதை உறுத்துவதால், அந்த இடத்தை நிரப்பப் பல குழந்தைகள் தாமாகவே ஒரு சத்தம் எழுப்பும். மணி எழுப்பவில்லை. ஒரு நாள் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கையில், விடைகொடுக்கும் பாட்டு முடிந்து, நாற்காலி நகர்ந்து, ஆயாம்மா "வா ராசா, போலாம்" என்று சொல்லுகிற சந்தடிக்கு அடியில், மெல்லியதாக ஒரு முனகல் கேட்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அது சுருதிப்பெட்டியின் ஆதார ஷட்ஜத்தில், துல்லியமாக அதே ஸ்தாயியில் இருந்தது. அவனுக்குப் பாட்டு நடக்கும்போது பாட இடமில்லை. எல்லாரும் எழுந்த பிற்பாடு அவனுடைய நேரம் தொடங்குகிறது.

அடுத்த வாரத் திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் எழுதினேன்: விடைப் பாட்டை ஐந்து நிமிஷம் முன்னதாக முடிப்பது, சுருதிப்பெட்டியை நிறுத்தாமல் ஒலிக்கவிட்டு நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பது. உடம்பு செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லாத அந்த ஐந்து நிமிஷத்தை, நான் திட்டமிட்ட காரியங்களுள் மிகவும் பிரயாசையானது என்று சொல்வேன். சில நாட்களில் அவன் குரல் வருகிறது; வந்தால் அதே ஸ்வரத்தில் நானும் மெதுவாகச் சேர்ந்துகொள்கிறேன், அதன்மேல் ஏறவும் இறங்கவும் முயல்வதில்லை. பல நாட்களில் வருவதில்லை. அவனுடைய அம்மா "பேசிடுவானா டீச்சர்?" என்று கேட்கிறார், "குரலால விளையாட ஆரம்பிச்சிருக்கான்மா" என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

குழந்தைகளின் தேக நிலையையும் இந்தக் கணக்கோடு சேர்க்க வேண்டும். பெருமூளை வாதமுள்ள குழந்தைகள் பலர் திடீர் ஓசைக்குச் சர்வாங்கமும் அதிர்ந்து விறைத்துப்போவார்களாதலால், அவர்கள் இருக்கும் குழுவில் ஜால்ரா கிடையாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக் கேள்வி மந்தமாவது சாதாரணம். கவனமில்லை என்று அவர்களைச் சொல்லுமுன் காதைப் பரிசோதித்தாயிற்றா என்று கேட்பது முறை. வலிப்பு வருகிற குழந்தையென்றால், எப்போது, எதனால் வருகிறதென்று தாயாரிடம் விசாரிக்காமல் கருவியைத் தொடுவதில்லை. சங்கீதத்தினாலேயே தூண்டப்படும் அபூர்வமான வலிப்பு வகையொன்றை ஆங்கில நரம்பியல் மருத்துவர் மெக்டொனால்டு கிரிட்ச்லி 1937-இலேயே விவரித்திருக்கிறார். இவ்வளவுக்கும் அப்பால் எனக்கும் குழந்தைகளுக்கும் இடையே ஒரு சங்கடம் உண்டு. என் மருந்து, வழிதவறிய தற்காப்புச் சக்தியை அடக்குவதற்கு அந்தச் சக்தியையே மட்டுப்படுத்துகிறது; பள்ளிக்கூடமோ சளியும் காய்ச்சலும் அம்மையும் கைமாறுகிற இடம். ஊதுகிற கருவிகளை ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் போகாமல் தனித்தனியாக வைத்திருக்கிறோம். குச்சிகளைத் தினமும் சோப்பு நீரில் கழுவுகிறோம். எந்த வகுப்பில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற சமாசாரம் காலையில் ஆயாம்மா மூலம் எனக்கு வந்துவிடும். "டீச்சர், மூணாம் ரூம் பக்கம் இன்னைக்கிப் போவாதீங்க, அந்தப் பொண்ணுக்கு அம்மா போட்ருக்கு" என்று அவர் வாசலிலேயே வழிமறித்துச் சொன்னதுண்டு. முகக்கவசம் அணிந்து பாடலாமே என்றால், வாயசைவைப் பார்த்துத்தான் பாட்டைத் தொடர்கிற குழந்தைகளுக்குப் பாதி பாட்டு மறைந்துபோகிறது. ஆகையால் அந்த வாரங்களில் அசைவையும் தகட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, குரலைக் குறைத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தாலும் நோய் சீறி எழுகிற காலங்கள் உண்டு. அப்போது பள்ளிக்கே போக முடிவதில்லை. அந்த வாரங்களுக்காக நான் வைத்திருக்கும் குறிப்புப் புத்தகம் முதலில் எனக்கு மட்டுமே புரிகிற சங்கேத பாஷையில் இருந்தது. இப்போது பிறர் படித்து நடத்தும்படி எழுதுகிறேன்; எழுதுகிறேன் என்பதுகூடச் சரியல்ல, கைப்பேசியில் நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது, தமிழில் அது செய்கிற விபரீதங்களைத் திருத்துவது தனி வேலை. வரவேற்புப் பாட்டின் சுருதி, எந்தத் தகடுகள் இருக்க வேண்டும், குழந்தை எங்கே உட்காரும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும், போன தடவை எதோடு முடிந்தது ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் நியமம். எழுத முடியாதவை இருக்கின்றன. இருந்தாலும் நான் வராத நாளில் மணிக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே இருக்க வேண்டும்.

எனக்குப் பதிலாக நடத்தும் உதவி ஆசிரியை இளம்பெண்; கர்நாடக சங்கீதம் முறையாகப் பயின்றவர், ஆகவே மௌனத்துக்குப் பயப்படுகிறவர். சென்ற மாதம் புத்தகத்தில் மணியின் பக்கத்தைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, வரவேற்புப் பாட்டுலே அவன் பேருக்கு அப்புறம் ‘நில்’லுன்னு போட்டிருக்கீங்க. எவ்ளோ நேரம் நிக்கறது?"

"ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம், விளம்ப காலத்துலே."

"அவ்ளோ நேரமாக்கா? எனக்கே என்னமோ மாதிரி இருக்குமே."

"இருக்கும். கையாலே தாளம் போடாதே, அவன் உன் கையைப் பாத்துடுவான். மனசுக்குள்ளே எண்ணிக்கோ. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டா பரவாயில்லே, நில்லு. எழுந்திருச்சுட்டான்னா மட்டும் மறுபடி பேரைச் சொல்லிப் பாடு."

"ரெண்டாவது தடவையும் பதில் வரலேன்னா?"

"அடுத்த வரிக்குப் போயிடு. ஆனா கைப்பேசியை நிறுத்தாமே பதிவு பண்ணி எனக்கு அனுப்பு. நாளைக்குக் காலையிலே கேட்டுட்டு, புதன்கிழமைக்கு என்ன பண்றதுன்னு சொல்றேன்."